ஜெயித்தவள் போட்ட அப்பீல்

கண்ணாடிக் கடையில் முன்பக்கம் நிற்பவருக்குச் சிரித்த முகம் வேண்டும், பின்பக்கம் உட்காருபவருக்குச் சலிக்காத கை வேண்டும் என்பார் அந்தக் கடை முதலாளி. அவள் பின்பக்கத்து ஆள். டாக்டர் எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமின் வளைவுக்கு வெட்டி, பிசிறில்லாமல் உட்கார வைப்பது அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் ‘லென்ஸ் அக்கா’. அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், புதுப்பெண்ணுக்குப் பேச்சு வருமா வராதா என்று உறவுக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டதுண்டு. வர வேண்டிய இடத்தில் வரும் என்று அவள் கணவர் சொல்லி வைத்தார். அந்த இடம் எது என்பது அவருக்கே போகப் போகத்தான் பிடிபட்டது. எந்தக் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். ‘ஏமாற்றிவிட்டாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கமாட்டாள். ஒரு முறை, கீறல் விழுந்த லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒருவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அவள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். கண்ணாடியை விளக்கடியில் பிடித்தாள். கீறல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, அவருடைய சட்டைப் பையில் சாவிக்கொத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினாள். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை அங்கேயே நின்றாள். கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்த் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

கடை வேலைக்கு அப்பால் அவளுக்கு ஒரு பக்கத் தொழில் இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு யாரோ வாங்க வராமல் போன பைனாகுலர் ஒன்றை முதலாளி தூக்கி எறியச் சொன்னார். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. பைனாகுலருக்குள் இருக்கும் சங்கதி ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இரண்டு குழல்; இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகம் மயிரிழை நகர்ந்தாலும் ஒரு படகு இரண்டு படகாகத் தெரியும். கண் அந்த இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கப் பார்க்கும்; கடைசியில் தலைவலிதான் மிச்சம். பழைய பைனாகுலர்களை வாங்கி, பூஞ்சை துடைத்து, பட்டகத்தை நேராக்கி இணையத்தில் விற்பாள். சமையலறை ஜன்னலை ஒட்டிய மேசைதான் அவளுடைய பட்டறை. எதிர்க் கட்டடத்து மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் ஏணிதான் அவளுடைய பரிசோதனைச் சாலை. அந்த ஏணியின் படிகள் ஒன்றுக்கு ஒன்றாகத் தெரிந்தால் சரக்கு தயார் என்று அர்த்தம்.

வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் ஒரு பணப் பட்டுவாடா நிறுவனம் இருந்தது. வாங்குகிறவர் அதில் பணம் கட்டுவார். பொருள் போய்ச் சேர்ந்ததும் அவள் கணக்கில் அது ஏறும். தகராறு வந்தால் பஞ்சாயத்துப் பண்ணுவதும் அந்த நிறுவனம்தான். நெடுநாளாக அவளுக்குப் பஞ்சாயத்தே வந்ததில்லை.

வந்தது ஒரு கடற்கரைக் காவலர் மூலமாக. குளிக்க வருபவர்களைக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து கவனித்து, யாராவது ஆழத்துக்குப் போய்த் தத்தளித்தால் ஓடிப் போய்த் தூக்கி வருகிற வேலை அவருக்கு. அவளிடம் ஒரு பைனாகுலர் வாங்கினார். போய்ச் சேர்ந்த சில நாளில் நிறுவனத்திடம் புகார் கொடுத்துவிட்டார். பொருள் சொன்னபடி இல்லை, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, அரை மணி நேரம் பார்த்தால் மண்டை பிளக்கிறது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதி, பைனாகுலரைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களையும் இணைத்திருந்தார்.

கடைசி வரியைப் படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

நிறுவனம் அவளிடம் ஒரு பதில் கேட்டது. அனுப்பும்போது நன்றாக இருந்தது என்று அவள் ஒரு வரியில் எழுதினாள். உண்மைக்கு எதற்கு ஒன்பது வரி என்பது அவள் எண்ணம். நிறுவனம் காவலர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பட்டும், விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரே ஒரு முறை அப்பீல் போடலாம். அதன் முடிவு வரும்வரை பொருள் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாளெல்லாம் பிள்ளைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வீட்டில் அமைதியை விரும்புகிறவர். போனால் போகிறது, பொருள்தான் திரும்ப வருகிறதே, இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்றார். அவள் கேட்கவில்லை. நேராகக் கீழ்மாடிக்கு இறங்கிப் போனாள். அங்கே அவளுடைய நாத்தனார் இருந்தாள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வக்கீல் சொல்வதை அடித்து அடித்து, சொல்லாததையும் சேர்த்து அடிக்கும் அளவுக்குச் சட்டம் படிந்துபோனவள். வம்பு என்றால் அவளுக்கு வெல்லக்கட்டி.

இருவரும் சேர்ந்து அப்பீல் எழுதினார்கள். ஒவ்வொரு பைனாகுலரையும் கட்டுமுன் அவள் ஒரு சின்ன வீடியோ எடுத்து வைப்பது வழக்கம். பைனாகுலரை மேசையில் அசையாமல் பொருத்தி, கண்ணோடு ஒட்டும் இரண்டு வளையத்திலும் மாறி மாறிப் போனின் கேமராவை வைத்து, தொட்டி ஏணியின் ஒரே படி இரண்டிலும் நடுவில் தெரிவதைப் பதிந்திருந்தாள். அதை இணைத்தார்கள். நாத்தனார் பத்தி பத்தியாக அடித்தாள். முடிவில் ஒரு வரியை மட்டும் அவளே சொன்னாள்: “பழுது பைனாகுலரில் இல்லை. வாங்கியவர் தம் கண்களைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.”

நாத்தனார் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணி, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா? எங்க வக்கீலே இப்படிக் கடிக்க மாட்டாரு.”

அப்பீல் ஜெயித்தது. வீடியோ ஐயத்துக்கு இடமில்லாமல் இருப்பதாகவும், வாங்கியவரின் புகார் ஆதாரமற்றது என்று முடிவு செய்திருப்பதாகவும், அவருடைய கணக்கின் மேல் நடவடிக்கை எடுத்திருப்பதாகவும் நிறுவனம் எழுதியது. நடவடிக்கை என்றால் என்ன என்று நாத்தனார் விசாரித்துச் சொன்னாள்: அந்த மனிதரின் கணக்கை முடக்கிவிட்டார்கள், பொய்ப் புகார் கொடுப்பவர் என்று முத்திரை. அன்று அவள் வழக்கத்தைவிட ஒரு தம்ளர் காபி அதிகமாகக் குடித்தாள். வேறு ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை.

இனிமேல்தான் கதை.

அவளிடம் அதே அச்சில் இன்னொரு பைனாகுலர் இருந்தது. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது இரண்டையும் ஜோடியாக வாங்கியிருந்தாள். ஒன்றைச் சரிசெய்து விற்றாகிவிட்டது; மற்றது பட்டகம் நகர்ந்து, பழுதாகவே அலமாரியில் கிடந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அதைக் கையில் எடுத்தாள். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று ஜன்னலுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தாள்.

ஏணி ஒன்றாகத் தெரிந்தது. படி படியாக, பளிச்சென்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். ஒரு ஏணிதான். பைனாகுலரைத் திருப்பிப் பார்த்தாள். அடியில், இரண்டு குழலும் சேரும் கீலுக்குப் பக்கத்தில், தயாரிப்பு எண் பொறித்திருந்தது. போனை எடுத்து, தான் அப்பீலோடு கொடுத்த வீடியோவை ஓட்டினாள். முதல் நொடியில் பைனாகுலரைக் கையில் பிடித்துத் திருப்பும்போது அந்த எண் தெரிந்தது. அதே எண். வீடியோவில் இருந்த நல்ல பைனாகுலர் இப்போது அவள் கையில் இருந்தது.

அப்புறம் காவலர் அனுப்பிய படங்களைத் திறந்தாள். அவற்றில் மூன்றாவது படம் அடிப்பக்கத்தைக் காட்டியது. எண் வேறு.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது அவளுக்கு மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. வீடியோ எடுத்து முடித்து நல்லதை மேசையில் வைத்தாள். அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டது. ஓடிப் போய் அணைத்துவிட்டு வந்து, இரண்டில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டாள். நல்லதும் கெட்டதும் பக்கத்தில் பக்கத்தில், அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. படம் அந்த மனிதர் கொடுத்தது, வீடியோ இவள் கொடுத்தது, இரண்டும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. மூன்று பேரில் ஒருவரும் எண்ணைப் பார்க்கவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, பதறாமல் வழி சொன்னார்: நல்லதை அந்த ஆளுக்கு அனுப்பிவிடு, ஒரு மன்னிப்பு எழுது, முடிந்தது.

அவளும் அதைத்தான் முதலில் செய்தாள். செய்தி அனுப்பினால் போகவில்லை. அவளிடமிருந்து எதுவும் வராதபடி அவர் போனில் தடுத்து வைத்திருந்தார். நல்ல பைனாகுலரைப் பார்சலில் அனுப்பினாள். பெறுநர் வாங்க மறுத்தார் என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சூடு பட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் வருமா?

பார்சல் திரும்பிய அன்று கணவர், இதற்கு மேல் நீ என்னதான் செய்வாய், விடு என்றார்.

“அவருக்குப் பொய்க்காரர்னு பேர் வச்சிருக்காங்க. வச்சது நான். பைனாகுலர் குடுத்தா அது போயிடுமா?” என்றாள் அவள்.

அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. அந்தச் சொல் இவளிடம் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறார் அல்லவா.

நிறுவனத்தின் தளத்துக்குள் போனாள். முடிந்த வழக்குகள் என்ற பக்கத்தில் அவளுடைய வழக்குக்கு எதிரே ‘உங்களுக்குச் சாதகம்’ என்று பச்சையாக இருந்தது. தோற்றவர்களுக்கு அப்பீல் பொத்தான் உண்டு. ஜெயித்தவர்களுக்கு நன்றி என்று ஒரு பூ மட்டும் இருந்தது. அரட்டைப் பெட்டியில் எழுதிப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் அந்த இயந்திரம் ‘வாழ்த்துகள், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது’ என்றது. அலைந்து திரிந்து ஒரு தொலைபேசி எண் பிடித்தாள். கடையில் மத்தியான இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள். எடுத்த பெண்ணின் குரல் கனிவாகத்தான் இருந்தது.

“மேடம், உங்க பக்கம் தீர்ப்பு ஆயிருக்கு. உங்களுக்கு என்ன கம்ப்ளெயின்ட்?”

“நான் ஜெயிச்சதுதாம்மா கம்ப்ளெயின்ட்.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், தன்னிடம் இருக்கும் காரணப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை என்றாள். எதிர்த்தரப்பு அப்பீல் செய்தால் பார்க்கலாம் என்றாள். எதிர்த்தரப்பின் கணக்கை நீங்கள்தானே பூட்டி வைத்திருக்கிறீர்கள், பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் எப்படி வந்து கதவைத் தட்டுவார் என்று இவள் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில், குறைதீர் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதுங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்று முகவரி கொடுத்தாள்.

இந்த முறை அவள் நாத்தனாரைக் கூப்பிடவில்லை. ஆனால் மாடிப்படியில் ஒரு விஷயம் ஏறினால் இறங்காமல் இருக்குமா? நாத்தனாரே வந்து நின்றாள். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பீல் போடாம அந்தப் பார்சல திரும்பி வர விட்டிருந்தா, பெட்டியத் திறந்ததும் தெரிஞ்சிருக்கும் அண்ணி. நம்ம வாய்தான் நமக்கு எதிரி” என்றாள். ‘நம்ம’ என்றாளே தவிர ‘உங்க’ என்று சொல்லவில்லை. அதற்காக அவளை என்றைக்கும் நினைத்துக்கொள்ளலாம்.

குறைதீர் அதிகாரிக்கு அவளே தன் கையால் எழுதினாள். இரண்டு எண்களையும், அவை எந்தப் படத்தில், வீடியோவின் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதையும், அடுப்பில் பொங்கிய கதையையும் ஒளிக்காமல் எழுதினாள். சில நாள் கழித்து அதிகாரியே கூப்பிட்டார். நடுத்தர வயதுக் குரல்; ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசினார். முதலில் அவர் கேட்டது அவள் எதிர்பார்க்காத கேள்வி.

“அந்த ஆளு உங்கள மிரட்டுறாராம்மா? பயப்படாம சொல்லுங்க.”

“அவரு என்கிட்ட பேசவே மாட்டேங்கறாருங்க.”

சொந்தக்காரரா, முன்பே தெரிந்தவரா, இருவரும் சேர்ந்து ஏதும் செய்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கையில் வந்த தீர்ப்பை வேண்டாம் என்று தள்ளுகிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவர் மேலும் தப்பில்லை. பார்க்கிறதெல்லாம் பொய்யென்றால் மெய்யைக்கூட மேலும் கீழும் பார்க்கத்தான் தோன்றும். இறுதியில், எண்களைத் தானே பார்த்துவிட்டதாகவும், வழக்கைத் திறக்கத் தயார் என்றும் சொன்னார். ஆனால் விதிப்படி வாங்கியவரும் ஒரு பதில் எழுத வேண்டும். அவருக்கு ஏற்கெனவே எழுதியாயிற்று, அவர் திறக்கவே இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் கோப்பை மூட வேண்டியதுதான் என்று முடித்தார்.

அதனால்தான் அவள் அந்தக் கடற்கரைக்குப் போனாள். காவலர் பார்சலுக்குக் கொடுத்த முகவரியே அவர் வேலை செய்யும் இடம்தான். கணவர் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம், நான் செய்ததை நானே போய்ச் சொல்கிறேன் என்று தனியாகப் பஸ் ஏறினாள். ஊரைத் தாண்டி, மீன் ஏற்றும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மத்தியானம்போல அந்தப் பஸ் கடலோரம் இறக்கிவிட்டது. மடியில் பெட்டி. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்ததெல்லாம் உப்புக் காற்று முகத்தில் பட்டதும் அவிழ்ந்துவிட்டது.

கோபுரத்தில் வேறு ஒருவர் இருந்தார். அவர் கைகாட்டிய இடம், குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வாடகைக்கு விடும் ஒரு தகரக் கொட்டகை. அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெயிலில் கறுத்து, தோள் அகன்று, ஈர மணலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் தான் யார் என்று சொன்னாள். அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

“நீங்க எழுதினத எனக்கு அனுப்பினாங்க. படிச்சேன்” என்றார்.

எந்த வரி என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அவரே சொன்னார். அந்த வரியைப் படித்த பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற கடல். ஒருவேளை கண்தான் போகிறதோ என்று. கண் டாக்டரிடம் போனார். டாக்டரிடம் போனது மேலாளர் காதுக்கு எட்டியது. கண்ணில் குறை இருக்கிறவரைக் கோபுரத்தில் உட்கார வைக்க முடியாது, சான்றிதழ் வரட்டும், அதுவரை கீழே இரு என்று சொல்லிவிட்டார்கள். கண் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும், அது மேலே போய் முத்திரை வாங்கி வர நாளாகிறது. சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெட்டியைக் கொட்டகையின் மேடையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. “இரண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. பழுதானத உங்களுக்கு அனுப்பிட்டு, நல்லத வச்சு உங்கள எதிர்த்து வாதாடிட்டேன். கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறவ நான். அந்த வார்த்தைய எழுதியிருக்கவே கூடாது.”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பெட்டியைப் பிரித்தார். பைனாகுலரை எடுத்து வெளியே போய், கடலைப் பார்த்து நின்றார். தூரத்தில் மிதவைகள் கட்டிய கயிறு ஒன்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார். அவள் கொட்டகைக்குள்ளேயே நின்றாள்.

திரும்பி வந்து பைனாகுலரை மேடையில் வைத்தார். “ஒண்ணாத்தான் தெரியுது” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தைக்கூட இன்னொரு வலை என்றுதான் நினைத்தேன் என்றார். அவள் கேட்டுக்கொண்டபடி போனை எடுத்து, அங்கேயே நின்று, ஒரு விரலால் பதில் அடித்தார். அடித்ததை அவளிடம் காட்டினார். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: விற்றவர் நேரில் வந்தார், சரியான பொருளைக் கொடுத்தார், தவறு தன்னுடையது என்றார், நானும் பார்த்தேன். அவளுடைய அப்பீலில் இருந்த பத்திகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த நாலு வரியின் எடைக்கு வராது என்று அவளுக்குப் பட்டது.

பழுதானதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அவள் புறப்படும்போது, மேலாளருக்கும் ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா, கண் விஷயமாக நான் எழுதியது தவறு என்று, எனக் கேட்டாள். அவர் யோசித்தார்.

“எழுதுங்க” என்றார். பிறகு, கொஞ்சம் சிரித்த மாதிரி, “சின்னதா எழுதுங்க. பெரிசா எழுதினா நீங்க ஜெயிச்சிடறீங்க.”

அந்தக் கொட்டகையில் கிடந்த வாடகைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, மாலைப் பஸ்ஸைப் பிடித்தாள்.

தீர்ப்பு மாறி வந்தது. பணம் அவருக்குப் போனது. பைனாகுலரும் அவரிடமே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கணக்கைத் திறந்துவிட்டார்கள், முத்திரையையும் எடுத்துவிட்டார்கள். தோற்ற தரப்பு கட்ட வேண்டிய வழக்குக் கட்டணம் என்று ஒன்றை அவள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துக் கணவர், இதுவரை காசு கொடுத்துத் தோல்வியை வாங்கின ஆளை நான் பார்த்ததில்லை என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அவர் பிறகு தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

காவலர் மறுபடி கோபுரம் ஏறினாரா என்பது கொஞ்ச நாள் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் அவளுடைய விற்பனைப் பக்கத்தில் ஒரு மதிப்புரை வந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ‘முதலில் வந்தது சரியில்லை. இரண்டாவது நன்றாக இருக்கிறது. நேற்று இதில்தான் பார்த்தேன், மிதவைக்கு அப்பால் ஒரு ஆள் போய்விட்டார், கொண்டு வந்தோம்’ என்று எழுதியிருந்தார்.

நாத்தனார் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டுக் கொதித்தாள். பஸ் ஏறிப் போய்க் கொடுத்தவளுக்கு மூன்றுதானா, இது எந்த ஊர் நியாயம், இதை எதிர்த்து எழுத ஒரு வழி இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

“மூணு சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவள் போனை வாங்கி அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்குத் தேய்க்க வேண்டிய லென்ஸ் நிறைய இருந்தது.